நின்றபடி எழுநூறு மைல்

வண்டி என்னுடையது.
டிரெய்லர் இருவருக்கும் பொது.
குதிரை வெர்னாவுடையது.
பிரிந்தபோது வக்கீல்கள் போட்ட பாகப்பிரிவினை அப்படி.
அதனால் வருடத்துக்கு ஒருமுறை, மே மாதத்தில்,
போன் வரும்:
"கொக்கி இன்னும் இருக்கா?"
இருக்கிறது.

பர்ன்ஸை விட்டுக் கிளம்பும்போது விடியவில்லை.
செவலைப் பெட்டை.
பதிவுச் சீட்டில் நஜ்மத் அல் லைல்,
லாயத்தில் பிஸ்கட்.
ஏறமாட்டேன் என்று அது அடம்பிடித்ததில்லை.
ஏறிய பிறகு ஒரு மூச்சு விடும்,
பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்தவர் விடுவது மாதிரி.

உட்கார்ந்தே ஊர் போகிறவர்களுக்கு இது உறைக்காது.
நான் பிரேக்கைத் தொடும் ஒவ்வொரு தடவையும்
பின்னால் நான்கு கால்கள் பதில் சொல்கின்றன.
வளைவு என்றால் ஒரு தொடை,
இறக்கம் என்றால் இரண்டு தோள்.
சனிக்கிழமை நூறு மைல் ஓடவேண்டியது
புதனும் வியாழனுமாக
எழுநூறு மைல் நின்றே வருகிறது.

மூடியில்லாத காப்பி டம்ளரை
டாஷ்போர்டில் வைத்திருக்கிறாள்.
சிந்தினால் ஒன்றும் சொல்லமாட்டாள்.
டம்ளரைப் பார்ப்பாள்.
பதினோரு வருடக் குடித்தனத்தில்
எந்தத் திருப்பத்தையும் நான்
இவ்வளவு மெதுவாக எடுத்ததில்லை.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம்.
கயிற்றைத் தளர்த்தித் தலையைத் தாழ்த்த விடவேண்டும்;
நிமிர்ந்தே வந்தால் வைக்கோல் தூசி நெஞ்சுக்குள் இறங்கும்,
காய்ச்சல் பின்னாலேயே வரும்.
வின்னமக்காவில், லாரிகளுக்கு நடுவே,
தரைவரை தலையைத் தொங்கவிட்டு
மூக்கைச் சிந்தியது பிஸ்கட்.
தண்ணீர் குடிக்கவில்லை.

ஊர்க் குழாய்த் தண்ணீர் அதற்கு ஆகாது.
அதற்காகத்தான் வீட்டுக் கிணற்றிலிருந்து
மூன்று கேன் ஏற்றியிருந்தோம்.
மூடியை முடுக்கியவன் நான்.
டிரெய்லர் தரை நனைந்திருந்தது.
வெர்னா குனிந்து, காலி கேன்களை
ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தாள்.
அதற்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பேட்டில் மவுன்டன்: வாளியை முகர்ந்து திரும்பிக்கொண்டது.
யுரேகா: ஆப்பிள் சாறு கலந்து பார்த்தோம்.
சாறு பிடித்த வாளியை நக்கியது, அவ்வளவுதான்.
ஈறை விரலால் அமுக்கி
மறுபடி சிவக்கும்வரை எண்ணினாள். மூன்று.
காலையில் ஒன்றரை.
கழுத்துத் தோலைக் கிள்ளினாள்,
கூடாரம் மாதிரி கொஞ்சம் நின்று, அப்புறம் படிந்தது.
விலாவில் காதை வைத்தாள்.
நான் எஞ்சினை அணைத்தேன்.
குடலுக்குள் ஏதோ உருண்டது என்றாள்,
தூரத்தில்.

ஈலிக்குள் நுழையும்போது இருட்டு.
"காலைக்குள் குடிக்கலேன்னா திரும்பிடுவோம்"
என்றாள், கண்ணாடியைப் பார்த்து.
கட்டிய பணம், வெட்டிய குளம்பு, குளிர்காலம் முழுக்க ஏறிய மேடு
எதையும் சொல்லவில்லை.

சந்தை மைதானத்துக் காவலாளி டெலானோ
டார்ச்சோடு வந்து பட்டியைத் திறந்துவிட்டான்.
மூலையில் துருப்பிடித்த தொட்டி,
மேலே ஒரு விரல் கனத்துக்குப் பாசி,
செத்த அந்துப்பூச்சி இரண்டு.
"அதைக் கழுவணும், நேரமில்லை" என்று
அவன் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள்
பிஸ்கட் பாசியை மூக்கால் ஒதுக்கி
உதட்டைப் பதித்துவிட்டது.

குதிரை குடிக்கும் சத்தம் வெளியே அதிகம் கேட்காது.
காதைப் பார்க்கவேண்டும்.
ஒரு மடக்குக்கு ஒரு அசைவு.
கம்பியின் இந்தப் பக்கம் அவள்,
அந்தப் பக்கம் நான்,
மூச்சுக்கூட விடாமல் எண்ணினோம்.

"நாற்பத்தொண்ணு" என்றாள்.
எனக்கு முப்பத்தொன்பது.
இந்த இரண்டு மடக்குக்காக
ஒரு காலத்தில் ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்போம்.

விடிந்ததும் அந்தத் தொட்டியிலேயே
மூன்று கேனும் நிரப்பினோம், பாசியோடு.
இன்னும் இருநூற்றுச் சொச்சம் மைல்.
மூடிகளை அவள் முடுக்கினாள்.
அவள் பார்க்காதபோது
நான் இன்னொரு தரம்.